கன்டெய்னர், வேன், நிலவறை, தகரக் கூரை அறை: வெப்பத் தொல்லையும் குளிர்த் தொல்லையும் அறிகுறி வாரியாக

செங்கல் சுவரும் போதிய ஜன்னல்களும் கொண்ட வழக்கமான வீட்டை மனத்தில் வைத்துத்தான் ஏசி, ஹீட்டர் குறித்த ஆலோசனைகளில் பெரும்பாலானவை சொல்லப்படுகின்றன. சரக்குக் கன்டெய்னரை அறையாக்கி வாழ்பவருக்கும், வேனிலோ படகிலோ உறங்குபவருக்கும், நிலவறையிலோ ஜன்னலற்ற உள்ளறையிலோ கிடங்காக இருந்த உயரமான கூடத்திலோ குடியிருப்பவருக்கும் அவை பாதிதான் பொருந்தும். சில வேளைகளில் நேர் எதிரான பலனையே தரும். இத்தகைய இடங்களில் சாதனம் பழுதாவதைவிட, வெப்பமோ ஈரமோ நாம் எதிர்பாராத வழியில் நுழைந்துகொண்டிருப்பதே பெரும்பாலும் உண்மையான காரணமாக இருக்கிறது. ஆகவே இன்னொரு சாதனம் வாங்கும் முன் அந்த வழியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சிறிய மானிகள் இரண்டு, விரல் அகலத்துக்குக் கிழித்த மெல்லிய டிஷ்யூ காகிதம், ஓர் அட்டைத் துண்டு, உங்கள் உள்ளங்கை ஆகியவை போதும். மானிகளில் ஒன்றைப் படுக்கையருகிலும் மற்றொன்றை வெளியே நிழலிலும் வையுங்கள்.

அறிகுறி: ஹீட்டரோ அடுப்போ எரியும்போது தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்றவை எல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது என்பதுதான். உடனே அனைவரும் திறந்த வெளிக்கு வந்துவிட வேண்டும். அவசர உதவியை அழைக்க வேண்டும். சுடரை அணைப்பதற்காகக்கூட மீண்டும் உள்ளே செல்லக் கூடாது. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இணைந்துவிடுவதால், மூச்சு சீராக இருப்பதுபோல் தோன்றும்போதே உடல் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கத் தொடங்கியிருக்கும். ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேற்பட்டோருக்குத் தலைவலி வருவதும், வெளியே சென்றால் தெளிவதும், திரும்பி வந்தால் மீண்டும் தொடங்குவதும், காய்ச்சல் இல்லாமலேயே சளிக்காய்ச்சல் போன்ற அசதி இருப்பதும் இந்த நஞ்சின் அடையாளங்கள்.

மூடிய இடத்தில் கரி எரிப்பதை எந்த நிலையிலும் செய்யக் கூடாது. புகையடங்கிச் செந்தணலாக இருக்கும் கரி பாதுகாப்பானது என்று பலரும் நம்புகிறார்கள். புகை இல்லை என்பதால் வாயு இல்லை என்று ஆகிவிடாது, தணல் தொடர்ந்து அந்த வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஜன்னலுக்கு அருகில் ஓடும் ஜெனரேட்டர், குழாய் விரிசல் விட்ட டீசல் ஹீட்டர், குளிருக்காகப் பற்றவைக்கப்பட்ட சமையல் அடுப்பு ஆகியவையும் இதே ஆபத்தைத் தரும். எரிபொருளைக் கொண்டு சூடேற்றும் எந்த இடத்திலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருந்தாக வேண்டும். இந்த வாயுவின் அடர்த்தி காற்றின் அடர்த்திக்கு மிக நெருக்கமானது. அது எங்கும் கலந்து பரவும் என்பதால், வேன் அல்லது கூடாரம் போன்ற சிறிய இடத்தில் உறங்குபவரின் தலைமட்டத்தை ஒட்டிக் கருவியை வைப்பது நல்லது. சிலிண்டர் எரிவாயு இதற்கு மாறானது. காற்றைவிடக் கனமாதலால் கசிந்தால் தரையிலும் படகின் அடிப்பள்ளத்திலும் தேங்கும். அதற்கான கருவி தரையை ஒட்டி இருக்க வேண்டும்.

அறிகுறி: ஏசி ஓடுகிறது, முன்னால் நின்றால் குளிர்கிறது, அறை மட்டும் குளிரவில்லை

சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி என்றால், வெப்பக் காற்றை வெளியேற்றும் குழாய் எங்கே முடிகிறது என்று முதலில் பாருங்கள். ஜன்னல் இல்லாத அறையில் அந்தக் குழாயை அலமாரிக்குப் பின்னாலோ பொய்க்கூரைக்கு மேலோ செருகி வைத்திருப்பதைப் பார்க்கலாம். ஏசி குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை; ஓரிடத்து வெப்பத்தை எடுத்து வேறிடத்தில் கொட்டுகிறது. கொட்டும்போது தான் உட்கொண்ட மின்சாரத்தையும் வெப்பமாகச் சேர்த்தே கொட்டுகிறது. குழாய் அறைக்குள்ளேயே முடிந்தால் அறை மொத்தத்தில் சூடாகத்தான் செய்யும்.

குழாய் ஒழுங்காக வெளியே சென்றும் பயனில்லையென்றால், டிஷ்யூ துண்டைக் கதவின் அடி இடைவெளியில் பிடித்துப் பாருங்கள். ஏசியை அணைத்திருக்கும்போது தொங்கிய துண்டு, ஏசி ஓடத் தொடங்கியதும் அறைக்குள்ளாகச் சாய்ந்து படபடத்தால் காரணம் புரிந்துவிடும். ஒற்றைக் குழாய் ஏசி, தன் வெப்பத்தை வெளியே தள்ள அறையின் குளிர்ந்த காற்றையே பயன்படுத்துகிறது; வெளியேறிய அளவுக்கு ஈடாக ஒவ்வோர் இடுக்கு வழியாகவும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இந்த அறையில் இடுக்குகள் அனைத்தையும் அடைப்பது தீர்வாகாது, ஏனெனில் ஏசிக்குக் காற்று எங்கிருந்தாவது வந்தே ஆக வேண்டும். வெயில் படாத பக்கத்தில் ஒரு வழியை மட்டும் திறந்து வைத்து மற்றவற்றை அடைப்பதும், குழாயை இயன்றவரை குட்டையாக்கி அதன்மேல் வெப்பக்காப்பு உறை சுற்றுவதும் நிலைமையை ஓரளவு சீராக்கும். முழுத் தீர்வு வேண்டுமானால் வெளிக்காற்றையே இழுத்து வெளியிலேயே விடும் இரட்டைக் குழாய் வகைக்கு மாற வேண்டும்.

ஸ்ப்ளிட் ஏசியாக இருந்தால் வெளிப்பெட்டி நிற்கும் இடத்துக்குச் சென்று பாருங்கள். மூடிய பால்கனியிலோ குறுகலான காற்றுச் சந்திலோ வைக்கப்பட்ட பெட்டி, தான் கக்கிய வெப்பக் காற்றையே மீண்டும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். பெட்டியின் பின்பக்கத்துக் காற்று, வெளியில் நிழலில் உள்ள காற்றைவிடக் கணிசமாகச் சூடாக இருந்தால் பிழை அங்கேதான் உள்ளது. மெக்கானிக்கை அழைத்து கேஸ் நிரப்பச் சொல்வதால் பயன் இராது. உள்பெட்டியின் சுருளில் பனிக்கட்டி படிந்திருந்தால் கதை வேறு. குளிரூட்டலை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டு உருக வைத்து, வடிகட்டியைக் கழுவி மீண்டும் இயக்குங்கள். மறுபடியும் பனி படிந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு, அப்போதுதான் மெக்கானிக் தேவை.

அறிகுறி: மானி 28 டிகிரி காட்டுகிறது, ஆனால் தலைக்கு மேல் அனல் அடிக்கிறது

தகரக் கூரை அறைகளிலும் கன்டெய்னர்களிலும் மிகப் பரவலான அறிகுறி இது. மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுவே. நண்பகலில் கூரைக்கு நேர்கீழே நின்று முகத்தை உயர்த்துங்கள். பிறகு முகத்துக்கும் கூரைக்கும் நடுவே அட்டைத் துண்டை நீட்டுங்கள். அட்டை குறுக்கே வந்த கணத்திலேயே முகத்தில் அனல் குறைந்தால், உங்களைச் சுடுவது காற்று அன்று, கூரையின் கதிர்வீச்சு. காற்றின் வெப்பநிலை ஒரு கணத்தில் மாறாது. கதிர்வீச்சு மட்டுமே அப்படி மறைக்கப்படும். காற்றைக் குளிர்விக்கும் எந்தச் சாதனமும் இந்த அனலைத் தடுக்காது. மானி பொய் சொல்லவில்லை, அது காற்றை மட்டுமே அளக்கிறது.

அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 அடி கன்டெய்னரின் கூரை ஏறத்தாழ 6.06 மீட்டர் நீளமும் 2.44 மீட்டர் அகலமும் கொண்டது, அதாவது 15 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தெளிந்த வானில் உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் என்பதால், கூரைமேல் மட்டும் 14 முதல் 15 கிலோவாட் விழுகிறது. ஒரு டன் ஏசியின் திறனோ 3.5 கிலோவாட். விழும் வெப்பத்தில் பெரும்பகுதி வெளிப்புறமாகவே திரும்பிவிடும் என்றாலும், மிச்சம் நுழைவதே அந்த ஏசியைத் திணறடிக்கப் போதுமானது. இங்கே இரண்டாவது ஏசி வாங்குவது, மழைக்குக் கூரை மாற்றாமல் வாளிகளை அடுக்குவதைப் போன்றது.

ஆகையால் வேலை கூரைக்கு வெளியிலிருந்தே தொடங்க வேண்டும். கூரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு, இருபுறமும் காற்று புகுந்து வெளியேறும்படி இரண்டாவது நிழற்கூரை அமைப்பது முதல் தரமான தீர்வு. இடைவெளியின் ஓரங்களை மூடிவிட்டால் அதன் பயனில் பாதி போய்விடும். அடுத்தது வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு. அது அழுக்கடையும்போது பலன் குறையும் என்பதால் அவ்வப்போது கழுவ வேண்டும். இவற்றுக்குப் பிறகே உள்பக்கக் காப்பு.

உள்ளே அலுமினியத் தாள் ஒட்டுபவர்கள் ஒரு தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். தாளைத் தகட்டோடு நேராக ஒட்டிவிட்டு அதன்மேல் பலகையையும் இறுக்கி அறைந்துவிடுகிறார்கள். அலுமினியத் தாளின் பலன் அது கதிர்வீச்சை மிகக் குறைவாக உமிழ்வதிலும் பெரும்பகுதியைத் திருப்பியனுப்புவதிலும் இருக்கிறது. அதற்கு ஒரு பக்கமாவது காற்றிடைவெளி இருந்தாக வேண்டும். இருபுறமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெப்பத்தைக் கடத்தும் வெறும் உலோகம்தான். பளபளப்பான முகத்தைக் கீழ்நோக்கி, அதற்குக் கீழே இடைவெளி இருக்கும்படி வைத்தால் தூசி படிந்து மங்குவதும் தவிர்க்கப்படும்.

அறிகுறி: பகலில் பரவாயில்லை, படுக்கும் நேரத்தில்தான் அறை கொதிக்கிறது

தகரத்துக்கு அடியில் இருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. மேல்மாடியில் காங்கிரீட் தளத்துக்கு நேர்கீழே இருப்பவருக்கு உண்டு. கனமான தளம் பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கிப் பல மணி நேரம் தாழ்த்தி உட்பக்கம் வெளியிடுவதால், வெயில் அடங்கிய பிறகே அடிப்பக்கம் உச்சச் சூட்டை அடைகிறது. மாலையில் வெளிமானியும் உள்மானியும் எந்த நேரத்தில் சமமாகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஜன்னலைத் திறந்தால் வெப்பம் உள்ளே வரும். அதற்குப் பின் மூடி வைத்தால் வெப்பம் உள்ளேயே நிற்கும். அந்த நேரத்திலிருந்து ஒரு ஜன்னலில் விசிறியை வெளிநோக்கி வைத்து, எதிர்ப்புறத்தில் தாழ்வான திறப்பு ஒன்றை விட்டால், அறைக்காற்று விரைவில் மாறும். விசிறியை உள்நோக்கி வைப்பதே வழக்கம். மேலே தேங்கிய வெப்பக் காற்றை அகற்றுவதில் வெளிநோக்கி வைப்பதே மேலானது என்பது என் அனுபவம்.

அறிகுறி: ஏர் கூலர் ஓடியும் உடல் பிசுபிசுக்கிறது

இது பழுதே அன்று. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் கூலர் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நீர் ஆவியாக இடமில்லை. காற்று 40 டிகிரியும் ஈரப்பதம் 20 சதவீதமும் இருந்தால், கூலர் எட்டக்கூடிய எல்லை ஏறத்தாழ 23 டிகிரி. காற்று 35 டிகிரியும் ஈரப்பதம் 70 சதவீதமும் இருந்தால் அந்த எல்லை 30 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். நடைமுறையில் அதையும் எட்டாது. ஜன்னலற்ற அறையிலும் மூடிய வேனிலும் கூலரை ஓட்டினால், வறண்ட ஊரிலேயே அரை மணி நேரத்தில் அறை ஈரக்கூடாகிவிடும். கூலர் வெளிக்காற்றை உறிஞ்ச வேண்டும், எதிர்ப்பக்கத்தில் காற்று வெளியேற வேண்டும். இரண்டும் இயலாவிட்டால் தண்ணீரை வடித்துவிட்டு வெறும் விசிறியாகப் பயன்படுத்துவதே மேல்.

விசிறிக்கும் ஓர் எல்லை உண்டு. அது காற்றைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது. காற்றின் வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டினால் விசிறி உடலை மேலும் சூடாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

அறிகுறி: காலையில் சுவரிலும் கூரையிலும் நீர்த்துளிகள், மெத்தையடியில் பூஞ்சை

குளிர்காலத்தில் கன்டெய்னரின் உட்கூரையை விடியற்காலையில் உற்றுப் பாருங்கள். துளிகள் எங்கும் பரவலாக இல்லாமல் நேர்கோட்டு வரிசையாக, திருகாணித் தலைகளிலும் பலகையின் பின்னால் எஃகுச் சட்டம் ஓடும் தடத்திலும் திரண்டிருந்தால், காப்புப் பஞ்சு இருந்தும் எஃகு வழியாகக் குளிர் உள்ளே வருகிறது என்று பொருள். பஞ்சைவிட எஃகு ஆயிரம் மடங்குக்கும் அதிகமாக வெப்பத்தைக் கடத்தும்; ஆகவே சட்டங்களின் இடைவெளியை மட்டும் நிரப்பாமல், சட்டங்களையும் மூடியபடி ஒரு தொடர் அடுக்குக் காப்பு இட வேண்டும்.

துளிகள் வருவது ஒழுகலாலா, உள்ஈரத்தாலா என்ற ஐயம் நிலவறையில் எழும். ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு ஓரமும் இறுக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே ஈரம் இருந்தால் அது மண்ணிலிருந்து சுவர் வழியாக ஊறுகிறது. அறையைப் பார்த்த முகத்தில் ஈரம் இருந்தால் அது அறைக்காற்றிலிருந்து படிகிறது. முதலாவதற்கு வெளிப்புற வடிகாலும் நீர்க்காப்பும் வேண்டும், ஹீட்டர் உதவாது. இரண்டாவதற்குக் காற்றோட்டம் வேண்டும், ஆனால் இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. வெளியே 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் இருக்கும் நாளில், அந்தக் காற்று 24 டிகிரியை ஒட்டிய பரப்பில் பட்டாலே நீராகிவிடும். நிலவறைச் சுவரோ 20 டிகிரியில் இருக்கக்கூடும். அத்தகைய நாளில் ஜன்னலைத் திறப்பது, சுவரை நனைக்கத் தண்ணீரை உள்ளே அழைப்பதற்கு ஒப்பாகும். கோடையில் நிலவறையைப் பகலில் மூடி, வெளிக்காற்று குளிர்ந்து வறண்டிருக்கும் வேளையில் மட்டும் திறக்க வேண்டும்; அப்படியொரு வேளையே வாய்க்காத ஈரமான பருவத்தில் ஈரநீக்கி இயந்திரமே வழி. அது அறையைச் சற்றுச் சூடாக்கும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

வேனிலும் படகிலும் ஈரம் பெரும்பாலும் நம்மிடமிருந்தே வருகிறது. மூச்சும் வியர்வையும் இரவில் நீராவியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வெளிக்குழாய் இல்லாத எரிவாயு ஹீட்டரை இயக்கினால் நிலைமை மேலும் மோசமாகும்; ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஏறத்தாழ 1.6 கிலோ நீர் உருவாகி அவ்வளவும் ஆவியாக அறைக்குள்ளேயே கலக்கிறது. குளிர் என்று எல்லாத் திறப்புகளையும் அடைத்துவிடாமல், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சிறு திறப்புகளை விட்டு வைக்க வேண்டும். படகில் நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பக்கங்களோடு மெத்தை ஒட்டாதபடி சட்டப் பலகையின்மேல் உயர்த்தி வைத்தால், பூஞ்சைத் தொல்லையில் பெரும்பகுதி அத்துடனேயே நின்றுவிடும்.

அறிகுறி: ஹீட்டர் விடாமல் எரிகிறது, கால் மட்டும் உறைகிறது

உயரமான கூடத்தில் ஒரு மானியை ஏணியில் ஏறிக் கூரையருகிலும் மற்றொன்றைத் தரையிலும் வைத்து ஒப்பிடுங்கள். மேலே பல டிகிரி அதிகம் இருந்தால், நீங்கள் செலவிடும் சூடு முழுவதும் ஆளில்லாத உயரத்தில் தேங்கிக் கிடக்கிறது. மெதுவாகச் சுழலும் கூரை விசிறி அதைக் கீழே இறக்கும். எனினும் அத்தகைய இடத்தில் கூடத்தைச் சூடாக்க முயல்வதை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குவதே அறிவுடைமை என்று கருதுகிறேன்: அமரும் இடத்தை நோக்கிய கதிர்வீச்சு ஹீட்டரும், படுக்கையைச் சுற்றித் துணித்திரையிட்ட சிற்றறையும் போதும். ஓய்வாக இருக்கும் ஒரு மனித உடலே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுவதால், திரைக்குள் அந்தச் சூடு நிற்கும். திரை ஹீட்டரின் அருகில் இருக்கவே கூடாது.

கூடாரத்தில் காரணம் கீழே இருக்கிறது. உடல் எடையால் நசுங்கிய போர்வைக்குள் காற்று நிற்பதில்லை, காற்று இல்லாத இடத்தில் காப்பும் இல்லை. மேலே மூன்றாவது போர்வை சேர்ப்பதைவிட, அடியில் நசுங்காத நுரைப்பாய் ஒன்றை விரிப்பது பலமடங்கு உதவும்.

அறிகுறி: பேட்டரி ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் உள்ள மொத்த ஆற்றல் 1.2 கிலோவாட்-மணி. 1,500 வாட் ஹீட்டர் அதை ஒரு மணி நேரத்துக்குள் உறிஞ்சிவிடும். இழுக்கும் மின்னோட்டமோ 125 ஆம்பியர். வேறு பிராண்டு ஹீட்டர் வாங்குவதும் வீண், ஏனெனில் கம்பிச்சுருள் ஹீட்டர்கள் அனைத்தும் ஒரு வாட்டுக்கு ஒரே அளவு வெப்பத்தையே தருகின்றன. 50 வாட் மின்போர்வை அதே பேட்டரியில் இரவு முழுவதும் ஓடும்.

அறிகுறி: ஹீட்டரின் பிளக் தொட்டால் சுடுகிறது

உடனே அணையுங்கள். ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகக் கூடாது. சுருட்டி வைத்த ஒயர் தன் சூட்டை வெளியேற்ற முடியாமல் உருகத் தொடங்கும். சுவரிலுள்ள பிளக்கே சூடானால் அதன் இணைப்பு தளர்ந்திருக்கிறது; எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அந்தப் பிளக்கைப் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் சரிசெய்தும் உள்ளிருப்பவர் தளர்ந்துபோகிறார்

மெல்லிய சுவருள்ள இடங்கள் வெளிவானிலை மாறிய வேகத்திலேயே மாறுகின்றன. வெயிலில் நிறுத்திய மூடிய வாகனத்தில் வெப்பத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஏறிவிடும். கண்ணாடியை விரலளவு இறக்கி வைப்பதால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படாது. குழந்தையையோ விலங்கையோ சில நிமிடங்கள்கூட அதில் தனியாக விடக் கூடாது. குளிர்காலத்தில் உள்ளறை 18 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கைக்குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் இடத்தில் அதற்கும் சற்று மேலாக வைத்திருக்க வேண்டும். வெப்பத்தில் இருந்தவர் குழறிப் பேசினாலோ, இருக்குமிடம் அறியாமல் தடுமாறினாலோ, உடல் அனலாகக் கொதித்தாலோ, மானியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அவசர உதவியை அழைத்து, அவரை நிழலுக்கு மாற்றி, உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, உதவி வரும்வரை விடாமல் விசிறிக்கொண்டே இருங்கள்.